அங்கிட்டு நிற்காத சின்னப்பிள்ளை

"சின்னப்புள்ள!" என்று வாசலில் டோக்கன் கொடுக்கும் ஊழியன் ரத்தினவேல் டோக்கனைப் பார்த்துக் கத்தினால் எங்கள் வார்டு சுகாதார நிலையத்தில் ஒரு கூத்து நடக்கும். இடுப்பில் பிள்ளையோடு இருக்கும் தாய்மார்கள் நாலைந்து பேர் ஒன்றாக எழுந்துவிடுவார்கள். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல் வரும்.

"ஒக்காருங்கம்மா, ஒக்காருங்க. அது நானு. நாப்பது தாண்டுன சின்னப்புள்ள."

உள்ளே எல்லாரும் சிரிப்பார்கள். ரத்தினவேலும் சிரிப்பான். சிரித்துவிட்டு, "வந்துட்டியா? சரி, அங்கிட்டே நில்லு, கடைசியாக் கூப்புடுறேன்" என்று அந்த டோக்கனை எடுத்து அடுக்கின் அடியில் செருகுவான். எல்லாருக்கும் பார்த்து முடித்து, டாக்டர் பையை எடுக்கும் நேரத்தில் அந்த டோக்கன் மேலே வரும். அதற்குள் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையைப் பூட்டியிருப்பார்கள்.

நான் குழந்தைசாமி. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சக்கரை மாத்திரைக்காக மாதாமாதம் அங்கே போகிறவன். புதிதாக நடக்கும் பழக்கம் வந்ததிலிருந்து, மாத்திரை இல்லாத நாளிலும் போய் ஃபேனுக்கடியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவேன். என் பெயரிலும் ஒரு குழந்தை இருக்கிறது. ஆனாலும் ‘குழந்தை’ என்று கத்தி என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ‘கண்டக்டர் சார்’ என்பார்கள். நாற்காலி தானாகக் காலியாகும். நான் அங்கே எதுவும் கிழித்துவிடவில்லை. நான் குடியிருக்கும் தெரு அப்படி, அவ்வளவுதான்.

சின்னப்பிள்ளையை இதில் ‘அவர்’ என்றுதான் எழுதப்போகிறேன். எங்கள் தெருவில் யாருக்காவது அது தொண்டையில் சிக்கினால் தண்ணீர் குடித்துக்கொள்ளட்டும்.

அவர் பிறந்தது கறம்பக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில். வீட்டுக்குக் கடைக்குட்டி. பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை, கூப்பிட்டதே பெயராகிவிட்டது. புதுக்கோட்டையில் சாக்கடை அள்ளும் வேலையில் இருந்த வெள்ளைச்சாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வெள்ளைச்சாமி வாயில்லாப் பூச்சி. நில் என்றால் நிற்பார். இருமல் வந்தபோதும் அதே வேப்பமரத்தடியில்தான் நின்றார். இருமுகிறவன் உள்ளே வந்தால் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். அது நியாயமான பேச்சுதான். ஆனால் எங்கள் தெருக்காரர்கள் எத்தனையோ பேர் உள்ளே உட்கார்ந்து இருமியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்று சொன்னபோது, மருந்தால் ஆகக்கூடிய கட்டம் கைமீறிப் போயிருந்தது.

"அவரு மரியாதையா நின்னாரு கண்டக்டரே" என்று சின்னப்பிள்ளை ஒருநாள் என்னிடம் சொன்னார். "நின்னே போயிட்டாரு."

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட, இவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியில் சேர்ந்தார். விடிவதற்குள் ஆஜர் கொடுக்க வேண்டும். பச்சைச் சட்டை, கழுத்தில் விசில், பேட்டரி வண்டி. எங்கள் தெருமுனையில் அந்த விசில் கேட்டால் வீட்டுக்காரி அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள். பயம்தான். மக்கும் குப்பையில் சானிட்டரி நாப்கினைக் கலந்து போட்டவரை, வாளியைத் திருப்பிக் கையில் கொடுத்து, "இதைப் பிரிச்சுக் குடுங்க சார், நான் நிக்கிறேன்" என்று சொன்ன ஆள் அவர். அந்த சார் காலேஜில் பாடம் எடுக்கிறவர். வாசலில் குத்துக்காலிட்டுப் பிரித்தார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் சின்னப்பிள்ளைக்கு ‘வாயாடி’ என்று பட்டம்.

அந்த வாயால் தடுக்க முடியாத ஒன்று நடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் உடைந்த பாட்டிலைப் பழைய துணியில் சுற்றி மூட்டைக்குள் போட்டிருக்கிறார். மூட்டையைக் காலால் ஒதுக்கியபோது, செருப்பின் ஓரத்தைத் தாண்டிச் சில்லு சுண்டு விரலில் இறங்கியது. கொடுத்த ஷூ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆம்பளை அளவில் வந்த ஷூ. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஷூ ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும்.

அவருக்குச் சக்கரை இருந்தது. சக்கரைக்காரனுக்குப் பிடித்த கேடு என்னவென்றால் புண் வலிக்காது. வலித்தால்தானே பயம் வரும்? பயம் வந்தபோது விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார். "தினமும் கட்டு மாத்தணும். வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற சுகாதார நிலையத்துலயே மாத்திக்கலாம். விட்டீங்கன்னா காலுக்கு ஏறிடும், அப்புறம் காலை எடுக்கணும்" என்று பட்டென்று சொல்லிவிட்டார்கள். கால் போனால் வேலை போகும். அவருக்கு அந்த வேலையைத் தவிர இந்த ஊரில் வேறு பிடிமானம் கிடையாது.

பக்கத்தில் இருக்கும் சுகாதார நிலையம் என்பது, கதை தொடங்கிய இடம்தான். கட்டு மாற்றும் நேரம் நண்பகல் வரை. இவர் வண்டியை விடுவது இரண்டு மணிக்கு. வேலைக்கு நடுவில் வனிதாவிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு ஓடி வருவார். வனிதா அவரோடு வேலை பார்க்கும் பெண், இவரைவிட இளையவள். ஓடி வந்தும் என்ன? வேப்பமரம். அங்கிட்டு. கடைசி டோக்கன். பூட்டிய அறை.

சாதி என்று அங்கே யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொன்னால் கேஸ் ஆகிவிடும். எங்கள் ஊரில் அதற்கு வேறு வார்த்தை வைத்திருக்கிறார்கள். ‘அங்கிட்டு’ என்பார்கள். அங்கிட்டு என்றால் எங்கே என்று யாரும் கேட்பதுமில்லை, சொல்கிறவன் கை நீட்டிக் காட்டுவதுமில்லை. கேட்கிறவர்களுக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை வந்தது. புதன் என்றால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. அன்று ஹாலில் பிள்ளைகள் அழும் சத்தத்தில் டாக்டர் சொல்வது காதில் விழாது. ஷீபா என்ற நர்ஸ் அப்போதுதான் மணப்பாறைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தது. ஊர் வழக்கம் எதுவும் தெரியாத பெண். ஊசி எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டது.

"சின்னப்பிள்ளைங்க எல்லாம் உள்ள வாங்க. வரிசையா வந்து உக்காருங்க."

தாய்மார்கள் எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வேப்பமரத்தடியிலிருந்து சின்னப்பிள்ளையும் வந்தார். இடது காலைச் சாய்த்து வைத்துப் படியேறினார். சுவரில் கரடியும் மயிலும் வரைந்திருக்கும் மூலைக்குப் போய், கரடிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தனை காலத்தில் அவர் அந்த ஹாலில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ரத்தினவேல் ஓடி வந்தான்.

"ஏய், நீ எங்க உள்ள வார?"

"கூப்பிட்டாங்க, வந்தேன்."

"யாரு கூப்பிட்டா?"

"நர்ஸம்மாதான். ‘சின்னப்பிள்ளைங்க உள்ள வாங்க’ன்னுச்சு. ஒனக்குக் காது கேக்கலையா?"

"அது புள்ளைங்களக் கூப்பிட்டது. எந்திரி."

"என் பேரு என்ன? சொல்லு பாப்பம்."

ரத்தினவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தெனமும் தொண்டை கிழியக் கத்துவேல்ல. இப்பச் சொல்லு."

"சின்னப்புள்ள" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அம்புட்டுதான். நீ மொட்டையாக் கூப்புடுவ. அந்தம்மா ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டுச்சு. பேருக்குப் பின்னால ஒரு ‘ங்க’, வான்னு சொன்னதுல ஒரு ‘ங்க’. நான் பொறந்ததுலருந்து ஒருத்தரு என்னைய இப்புடி உள்ள கூப்பிட்டதில்ல. மரியாதையாக் கூப்புடுறப்ப வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் யாரும் ‘ங்க’ போட மாட்டார்கள். ‘வாங்க’, ‘போங்க’ என்பதோடு சரி. இது சின்னப்பிள்ளைக்குத் தெரியாதா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நர்ஸ் பெண் அறியாமல் கீழே போட்டதை அவர் அறிந்தே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு தாய் மூக்கைப் பொத்தினாள். "நாத்தம் தாங்கலை. பச்சப்புள்ளைங்க இருக்குற எடம்" என்றாள்.

"நான் கையும் காலும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார் சின்னப்பிள்ளை. "சட்டையில இருக்குறதுதான் நாத்தம். நீங்க அந்தப் பச்சை கேட் போட்ட வீடுதான? நேத்து மீனு வாங்குனீங்கள்ல, தலையும் செதிலும் என் வண்டியிலதான் வந்துச்சு. இது ஒங்க வீட்டுதும்மா. ஒங்க சொத்து. அதைக் கண்டு ஒங்களுக்கே கொமட்டுதுன்னா நான் என்ன செய்ய?"

அந்தம்மா கையை இறக்கிவிட்டாள். சத்தம் கேட்டு டாக்டர் சரவணக்குமார் வெளியே வந்தார். கெட்டவர் கிடையாது, சின்ன வயசு. எதையும் மேலே எழுதிக் கேட்டுச் செய்கிற ஆள். சின்னப்பிள்ளை கட்டை அவிழ்த்துக் காலை நீட்டினார். டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஏங்க, இவ்வளவு நாளு விடலாமா?"

"நான் விடலை சார். நான் தெனமும் வந்தேன். அந்த வேப்பமரத்தைக் கேளுங்க, அது சொல்லும்."

ஷீபா அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்து கட்டுப் போட்டது. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார். சுண்டு விரலைக் காப்பாற்ற முடியாது, காலைக் காப்பாற்றலாம், ஆனால் அதற்குப் பிறகு ஒருநாள் விடாமல் கட்டு மாற்ற வேண்டும் என்றார்.

"எப்ப மாத்துவீங்க?"

"காலையில, பன்னெண்டு வரை."

"நான் வண்டி விடுறது ரெண்டு மணிக்கு சார்."

"அது... மேலே எழுதித்தான் கேக்கணும்."

விரலை எடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள். ஒரு விரல் என்பது சின்ன விஷயமா? கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மருந்து இருந்தது, துணி இருந்தது, போட்டுவிட ஆள் இருந்தது. நடுவில் இருந்தது ‘அங்கிட்டு’ என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் வீட்டில் படுக்கவில்லை. படுத்தால் ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். வனிதா இறங்கிக் குப்பை வாங்க, இவர் வண்டியை ஓட்டினார். இரண்டு மணிக்கு நேரே சுகாதார நிலையத்துக்கு வந்தார். ரத்தினவேல் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றான். "நேரம் முடிஞ்சுருச்சு. நாளைக்கு வா."

அன்று சின்னப்பிள்ளை சண்டை போடவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை விசில் கேட்டு, ரத்தினவேல் சுகாதார நிலையத்தின் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். மருந்துக் கழிவுக்கு வேறு வண்டி உண்டு. இது டீ கப், இட்லிப் பொட்டலம், எங்களைப் போன்றவர்கள் தின்றுவிட்டுப் போட்ட வாழைப்பழத் தோல். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் சின்னப்பிள்ளை கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கிட்டு வையி. கடைசியா எடுத்துக்குறேன்."

"என்னாது?"

"அங்கிட்டுன்னா தெரியாது? அந்த வேப்பமரத்தடியில."

வண்டி போய்விட்டது. இரண்டு மணிக்கு அவர் திரும்பி வந்தபோது மரத்தடியில் தொட்டியைச் சுற்றி ஈ மொய்த்தது. ரத்தினவேல் தொட்டியைக் காட்டினான். சின்னப்பிள்ளை பூட்டிய அறையைக் காட்டினார். "நேரம் முடிஞ்சுருச்சு. நாளைக்குக் கொண்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளும் அதே. மூன்றாம் நாள் சூப்பர்வைசர் வந்து தெருவில் வைத்தே சத்தம் போட்டார், வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்றார்.

"எடுத்துருங்க சார்" என்றார் சின்னப்பிள்ளை. "வேலை இல்லைன்னா காலையிலயே போய்க் கட்டு மாத்திக்குவேன். கால் தப்பிக்கும். ஒரு காலோட வேலையில இருக்குறதுக்கு ரெண்டு காலோட சும்மா இருக்குறது தேவலைல்ல?"

இவரை எடுத்தால் மற்றவர்கள் வண்டியை எடுக்க மாட்டார்கள் என்று வனிதா சூப்பர்வைசர் காதில் விழும்படியாகச் சொன்னாள். அவர் அத்தோடு போய்விட்டார். இதற்கிடையில் சின்னப்பிள்ளை தானே வீட்டில் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார். புண்ணின் ஓரம் மறுபடி சிவந்து, பாதத்தின் மேல் வீக்கம் ஏறத் தொடங்கியிருந்தது.

அடுத்த புதன் வந்தது. நான் வேண்டுமென்றே அன்று போய் உட்கார்ந்திருந்தேன். தடுப்பூசி நேரத்துக்குச் சரியாக, எங்கள் வார்டின் பேட்டரி வண்டிகள் எல்லாம் வாசலில் வரிசையாக வந்து நின்றன. பச்சைச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவருக்கு ஓயாத இருமல். ஒருவருக்கு நிமிர முடியாத முதுகு. ஒரு பெண் கையில் சொறியை மறைத்துத் துண்டு சுற்றியிருந்தாள். எல்லாரையும் தெருவில் தினமும் பார்க்கிறேன், இந்த ஹாலுக்குள் பார்த்ததில்லை. வேப்பமரத்தடியில் கூட்டமாக நின்றார்கள். முன்னால் சின்னப்பிள்ளை.

ஷீபா வாசலுக்கு வந்தது. வாயைத் திறந்த பெண் அவர்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது. ரத்தினவேலைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. பிறகு போன தடவையைவிடச் சத்தமாகக் கூப்பிட்டது.

"சின்னப்பிள்ளைங்க எல்லாம் உள்ள வாங்க!"

வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். ரத்தினவேல் இரண்டு கையையும் விரித்துப் படியில் நின்றான். "நீங்கள்லாம் யாரு?"

"நாங்க சின்னப்பிள்ளைங்க" என்றாள் வனிதா. "சின்னப்பிள்ளையோட ஆளுங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டாங்கல்ல, தள்ளுங்க."

பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். பழக்க தோஷம். "வழி விடப்பா ரத்தினவேலு, படியில நிக்காத. உள்ள எடம் இருக்கு, உள்ள போங்க, உள்ள போங்க!" என்று என் பழைய குரலில் ஒரு சத்தம் போட்டேன். ஃபேனுக்கடி நாற்காலியை விட்டு எழுந்துகொண்டேன். இன்னும் சில பேர் எழுந்தார்கள். எழாதவர்களும் இருந்தார்கள், அவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். பச்சை கேட் வீட்டு அம்மா பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைக் காலி செய்தாள்.

டாக்டர் வந்து பார்த்தார். ஹால் முழுக்கப் பச்சைச் சட்டை. சின்னப்பிள்ளை மறுபடி கரடிக்குக் கீழே உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். டாக்டர் பாதத்து வீக்கத்தை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"இன்னும் ரெண்டு நாளு விட்டா காலு போயிருமுங்க" என்றார்.

"தெரியும் சார். அதான் ஒங்ககிட்டக் கொண்டாந்து வச்சிருக்கேன். எடுக்குறதா இருந்தாலும் நீங்களே எடுங்க. இந்த எடத்துல வச்சு எடுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

டாக்டர் பாதத்திலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தார்.

"ரெண்டு மணிக்கு வாங்க" என்றார். "நான் இருக்கேன். வேலை முடிஞ்சு வார்ற எல்லாருக்கும் பாக்குறேன்."

"மேல எழுதிக் கேக்கணும்னீங்களே?"

"எழுதிக்குறேன். நீங்க வாங்க."

"நான் இருந்து கட்டுப் போடுறேன்" என்றது ஷீபா.

அன்றைக்கே அந்த இருமல்காரருக்குச் சளி எடுத்தார்கள். சின்னப்பிள்ளை அவர் கூடவே போய், டப்பாவில் பெயர் எழுதுகிற வரைக்கும் நகராமல் நின்றார். வெள்ளைச்சாமிக்கு நின்றிருக்க வேண்டியதை இவருக்கு நின்றார் என்று எனக்குப் பட்டது. வெளியே வந்து, மரத்தடியில் கிடந்த தொட்டியை வனிதாவோடு சேர்ந்து வண்டியில் கவிழ்த்துவிட்டுத்தான் போனார்.

கால் தப்பித்தது. புண் ஆற நெடுநாள் பிடித்தது. இன்றைக்கும் இரண்டு மணிக்குப் போனால் அந்த ஹாலில் பச்சைச் சட்டைகளைப் பார்க்கலாம். நாற்காலியில்தான். மேலே எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். சிரித்தார். அவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்று சின்னப்பிள்ளையைக் கேட்டேன். "அவருதான மாத்திப் போவாரு, நான் எங்க போகப் போறேன்?" என்றார்.

போன மாதம் மாத்திரை வாங்க அந்த நேரத்துக்கே போயிருந்தேன். சின்னப்பிள்ளை என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ரத்தினவேல் டோக்கனைப் பார்த்தான்.

"சின்னப்புள்ள!"

ஒரு தாய் பிள்ளையோடு எழுந்து, விவரம் தெரிந்து உட்கார்ந்தாள். சின்னப்பிள்ளை அசையவில்லை. சுவரில் இருந்த கரடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களைத்தான் கூப்புடுறான்" என்றேன்.

"கேக்குது."

"சின்னப்புள்ள!" என்றான் மறுபடியும். அவர் அசையவில்லை. ஹாலில் எல்லாரும் ரத்தினவேலையே பார்த்தார்கள். அவன் டோக்கனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"சின்னப்பிள்ளைங்க... உள்ள வாங்க."

"வாரேன்" என்று சின்னப்பிள்ளை நாற்காலிப் பிடியில் கையை ஊன்றி எழுந்தார்.

"எதுக்கு இம்புட்டு வீம்பு?" என்று நான் சும்மா கேட்டேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஒரு ‘ங்க’வுக்கு ஒரு வெரலு குடுத்திருக்கேன் கண்டக்டரே. அதை வாங்காம எந்திரிப்பேனா?"

சொல்லிவிட்டு, நாலு விரல் இருக்கும் காலை முன்னால் வைத்து உள்ளே போனார்.